சத்தம் உள்ள தெரு

வேலை முடிந்து கணக்குத் தீர்த்த வாரம், கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். இனிமேல் எங்கே இருக்கப் போகிறாய் என்று. ஒருவன் மட்டும் கேட்கவில்லை. போன் போட்டு அவனே பதிலும் சொன்னான்.

"மாடம்பாக்கம் வந்துடு மச்சான். கோயில் கீது, காத்து கீது, நல்ல தண்ணி கீது. சுத்துவட்டாரத்துல ஒரு சத்தம் இல்ல. மேல் போர்ஷன் காலியாதான் கீது. இதுக்கு மேல உனுக்கு இன்னா வேணும்?"

அவன் எனக்கு முன்பே ரிடையர் ஆனவன். மறைமலை நகரில், காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில், அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து பிரஸ்ஸில் நின்றோம். சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை.

பார்க்கலாம் என்றேன். போகவில்லை. தாம்பரத்தில், கல்லூரிக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு பிடித்தேன்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தத் தெருவில் படிக்கிற பையன்கள்தான் இருப்பார்கள். ரூமுக்கு நாலு பேர், ஐந்து பேர். கீழே ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, மெஸ். வாசலெல்லாம் பைக். ஓய்வு பெற்றவன் தேடிப் போகிற இடம் இல்லை. நான் அதைத்தான் தேடிப் போனேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளியவன் காது சும்மா இருக்காது. வெளியே சத்தம் நின்றால் உள்ளே ஆரம்பிக்கும். மின்சார ரயில் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு இரைச்சல் கேட்கும். அது மாதிரி. ரயில் மட்டும் வராது.

டாக்டரிடம் காட்டினேன். நரம்பு போய்விட்டது, இது சரியாகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். கிளம்பும்போது, நாலு சத்தம் இருக்கிற இடத்தில் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி இருந்தவரை இந்த யோசனை வந்ததில்லை. பம்மலில் வாடகை வீடு. பாத்திரம், மிக்ஸி, டிவி, அவள். வீட்டில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நான் ரிடையர் ஆவதற்கு முந்தின வருஷம் அவள் போய்விட்டாள். பம்மல் தெருவில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். தண்ணீர் லாரியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கு முதலில் வழி விடுவார்கள். நிரப்பிக்கொண்டு வரும்வரை காதுக்குள் ரயில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரஸ் ஓடும்போது பேச முடியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் எல்லோருக்கும் இது வந்துவிடும். சூப்பர்வைசருக்குப் பின்னால் நின்று அவரைத் திட்டினதெல்லாம் இப்படித்தான். மாடம்பாக்கத்தான் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை முழுவதையும் ஒரு ஷிப்டில் சத்தமே இல்லாமல் சொல்லி முடித்தான்.

மனைவிக்கு நான் கற்றுத்தரவில்லை. அவளாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது சமையலறை வாசலில் நின்று உதட்டை அசைப்பாள். பால் இல்லை என்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. ஆள் எதிரில் என்னை வாங்க, போங்க என்பாள். உதட்டில் பேசும்போது நீ, வா, போ.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. நர்ஸ் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார். எனக்கு அது தேவைப்படவில்லை. கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாப்ட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் சத்தமில்லாமல் பேசியதில்லை.

மகள் ஓசூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. அவளும் கூப்பிட்டாள். காரியம் முடிந்த பிறகு கொஞ்ச நாள் போய் இருந்தேன். நாலாவது மாடி. ஜன்னல் எல்லாம் கண்ணாடி, எல்லாம் மூடி. இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான். காது என்னைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

தாம்பரத்தில் வீடு பார்த்திருக்கிறேன் என்று சொன்னபோது போனில் கேட்டாள்.

"அங்க யாருப்பா இருக்காங்க உங்களுக்கு?"

"பசங்க இருக்காங்க."

"எந்தப் பசங்க?"

"யாரோ பசங்க."

 மாத்திரை மறக்காதீங்க என்றாள்.

வீட்டுக்கார அம்மா டீச்சராக இருந்தவர். கீழே அவர், மேலே எனக்கு ஒரு அறை, சமையலறை, தெருவைப் பார்த்த மாதிரி பால்கனி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சத்தமா இருக்கும் சார். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"பரவாயில்லம்மா."

"பசங்களுக்கு விட்டா சுவரெல்லாம் ஆணி அடிக்கிறான். அதான் உங்கள மாதிரி ஒருத்தர் வரட்டும்னு இருந்தேன். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடுங்க."

ஆனியில் பால் காய்ச்சினேன். அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். மீதியை நான் குடித்தேன். எல்லா இடத்திலும் போடுகிற பதினோரு மாத அக்ரிமென்ட்தான். முடியும்போது வைகாசி வரும். அதை அப்போது யோசிக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நாற்காலியைப் பால்கனியில் போட்டு உட்கார்ந்தேன். கீழே ஒருத்தன் பைக்கை உதைத்து உதைத்துப் பார்க்கிறான். கிளம்பவில்லை. மூன்று பேர் சுற்றி நின்று மூன்று விதமாக யோசனை சொல்கிறார்கள். மெஸ்ஸில் பாத்திரம் விழுகிறது. மாடியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். என் காது அடங்கிவிட்டது. இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மெஸ்ஸில் மாதச் சாப்பாடு சொன்னேன். நடத்துகிற அக்கா என்னைவிடச் சின்னவர்தான். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணா என்றார். பெரிய மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. பையன்கள் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தன் இலையிலிருந்து இன்னொருத்தன் அப்பளத்தை எடுப்பான்.

"டேய், நேத்து முட்டை, இன்னிக்கு அப்பளமா? உங்கப்பன் காசு கட்லியாடா?"

"கட்டினாரு. நீ துன்னுட்ட."

"அக்கா, இவனுக்கு இலை போடாதீங்க. என் இலைலயே மேயறான்."

நான் போய் நின்றால் ஒருத்தன் எழுந்து இடம் கொடுப்பான். "உக்காருங்க தாத்தா." உட்காருவேன். பேச்சு நின்றுவிடும். மரியாதைதான். குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். கை கழுவுகிற இடத்தில் மறுபடியும் பேச்சு ஆரம்பிக்கும். சாம்பாரை ஊற்றிக்கொண்டே அதைக் கேட்பேன். கொஞ்ச நாளில், எல்லோரும் வருவதற்கு முன்னாலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அவர்கள் ஏன் சாப்பாட்டு நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பால்கனியில் அந்தத் தொந்தரவு இல்லை. எதிர்க் கட்டடத்தில் முதல் மாடி முழுக்கப் பையன்கள். அவர்கள் பால்கனி என் பால்கனிக்கு நேர் எதிர். நடுவில் தெரு. தெருவில் எப்போதும் வண்டி. அவர்கள் பேசுவது என் காதில் விழாது. ஆனால் உதடு தெரியும்.

பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், கண் தானாகப் போய் வாயில் நிற்கிறது. எல்லாம் புரியாது. பாதி புரியும். ஒருத்தனுக்குக் கணக்கில் அரியர் இருந்தது. ஒருத்தன் தன் அம்மாவிடம் தினமும் சாயங்காலம் போனில், நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பான். அவன் மதுரைப் பக்கம் என்று மெஸ்ஸில் சொல்லிக் கேட்டிருந்தேன். இன்னொருத்தன் உள்ளூர் மாதிரிதான் பேசுவான். வீடு பக்கத்திலேயே இருந்தும் ரூமில் இருந்தான். அப்பாவோடு ஆகவில்லை.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. மழை வந்தபோது அவர்கள் துணி நனைந்தது. எடுக்க ஆள் இல்லை. கத்திச் சொல்லலாமா என்று எழுந்து நின்றேன். அதற்குள் நனைந்துவிட்டது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், நான் நாற்காலியை எடுத்துப் போடும்போது உள்ளூர்ப் பையன் என்னைப் பார்த்தான். மதுரைப் பையன் பக்கம் திரும்பிப் பேசினான். அவன் முகம் முக்கால்வாசி என் பக்கம்தான் இருந்தது.

"வந்துட்ச்சி பாரு பெருசு. டூட்டி மாதிரி கரெக்டா வந்து குந்திக்குது. பேஜாரா கீது மச்சான். எப்பப் பாரு நம்மளையே பாத்துகினு கீது."

மதுரைப் பையன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"விடுறா. தனியாத்தான இருக்காரு. பாவம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உடனே எழுந்து போனால் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் தெருமுனையைப் பார்த்தேன். பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே போனேன்.

பேஜார் என்றது நியாயம். யாராவது என்னை அப்படிப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன். பாவம் என்றதுதான் மனதை விட்டுப் போகவில்லை. பம்மலில் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் பேச்சை நிறுத்தினார்களே, அதன் பெயரும் அதுதான். அதை விட்டு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

மறுநாள் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் போட்டேன். அங்கே ஒரு சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி. சத்தம் வந்தது. அது போதும் என்று இருந்தேன்.

சித்திரையில் பரீட்சை முடிந்தது. லீவு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவன்தான், அது தெரியாதா? தெருவே லீவு விடும் என்பதுதான் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் போனால் அடுத்த ஷிப்ட் வரும். பொங்கலுக்கு நாலு நாள் மிஷின் நின்றால் பெரிய விஷயம். ஆள் மாறுவார்கள், இடம் காலியாகாது. அந்தக் கணக்கில் வீடு பிடித்துவிட்டேன். நல்ல கூட்டத்தில் வந்து பார்த்தேன், என்றைக்கும் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாளில் எல்லாம் முடிந்தது. பைக்குகள் போயின. பாயும் பக்கெட்டும் ஆட்டோவில் போயின. ஜூஸ் கடையில் ஷட்டரை இறக்கினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் அரைநாள்தான் திறந்தார். ஒரு மத்தியானம் மெஸ்ஸில் நான் மட்டும் சாப்பிட்டேன். பெரிய மேஜை, ஒரு இலை.

"அண்ணா, நாளையிலேர்ந்து அடுப்பு மூட்ட மாட்டேன்," என்றார் அக்கா. "அம்மா வூட்டுக்குப் போறேன்."

"எப்ப தொறப்பீங்க?"

"பசங்க வந்தா. ஆளு இல்லாம யாருக்கு ஆக்கறது?"

"நான் இருக்கேனே."

"நீ ஒரு ஆளு துன்றதுக்கு நான் அண்டா வைக்கவாண்ணா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நானே தினம் ஒரு வேளை பொங்கினேன். எதிர்ப் பால்கனியில் கொடிக்கயிறு மட்டும் இருந்தது. நாற்காலியை மறுபடியும் தெருப்பக்கம் கொண்டுவந்தேன். இப்போது யாருக்கும் பேஜார் இல்லை. காதுக்குள் ரயில் விடியும்போது ஆரம்பித்துப் படுக்கும்வரை ஓடியது. பம்மல் வீட்டு டிவி மகளிடம் போய்விட்டது. இன்னொன்று வாங்கலாம் என்று நினைத்தேன். வாங்கவில்லை.

வைகாசி பிறந்தது. வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று கேட்டார்.

"அக்ரிமென்ட் முடியுது சார். இருக்கறதா என்னன்னு யோசிச்சு சொல்லுங்க. லீவுல உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அன்றைக்கே மகளும் பேசினாள். வேன் ஏற்பாடு செய்து அனுப்பட்டுமா என்றாள். அடுத்த நாள் மாடம்பாக்கத்தான் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்கா மச்சான் அங்க போன? இதுக்கு எங்க கோயில் வாசல்லயே கூட்டம் ஜாஸ்தி. வா, வந்து ஊட்ட பாரு."

போனேன். மூன்றில் ஒன்று முடிவு செய்ய வேண்டும். ஓசூரைப் பார்த்தாகிவிட்டது. இதையும் பார்த்துவிடலாம்.

நல்ல வீடுதான். முன்னால் செம்பருத்தி, வேப்பமரம். தெருவில் ஒரு ஆள் இல்லை. கேட்டைத் திறக்கும்போதே உள்ளே டிவி அலறுவது கேட்டது. அவன் மனைவி வெளியே வந்து, வாங்கண்ணா என்றது.

"பாருங்கண்ணா இந்த அநியாயத்த. பொழுதினிக்கும் டிவி. கண்ணால பாக்கறதே இல்ல, சும்மா ஓடணும். நான் ஆசப்பட்டு இவ்ளோ அமைதியா ஒரு இடம் வாங்கினா, இந்த மனுசன் பஸ் ஸ்டாண்டு ஆக்கி வச்சிகீறாரு."

வந்தவனுக்கு மரியாதையாக டிவியை நிறுத்தியது.

எல்லாம் அடங்கியது. மரத்தில் இலைகூட அசையவில்லை. என் காதில் ஆரம்பித்தது. கை தானாகப் போய்க் காது மடலைப் பிடித்து இழுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவனும் காது மடலைப் பிடித்திருந்தான்.

அவன் மனைவி காபி கலந்துகொண்டே மேல் போர்ஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. தனிப் படி, தனி மீட்டர்.

"ஆமா மச்சான். வந்துடு," என்றான் அவன் சத்தமாக. பிறகு சத்தமில்லாமல், உதட்டில் மட்டும், "உனுக்கும் கீதா?" என்றான்.

"கீது," என்றேன், அதே மாதிரி.

"ராத்திரில?"

"பகல்லயும்."

சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"இங்க வராத. சத்தமே இல்லாம செத்துடுவ."

காபி வந்தது.

"இன்னா ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்ச பாத்துகினு குந்திகீறீங்க?"

"பழைய கத," என்றான்.

கேட் வரை வந்தான். அங்கே சத்தமாகவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவ என்னிய கேட்ட ஒண்ணே ஒண்ணு இந்த ஊடுதான்," என்று மட்டும் சொன்னான். நான் தெருமுனைக்குப் போவதற்குள் டிவி மறுபடியும் கேட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. அவன் இடத்தில் அமைதி என்றைக்கும் அமைதி. ஓசூரிலும் அப்படித்தான். என் தெருவில் கல்லூரி திறந்தால் முடிந்துவிடும். அடுத்த சித்திரையில் மறுபடியும் வரும். வருகிறது என்று தெரிந்துகொண்டு இருக்கலாம்.

வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறேன் என்றேன். இன்னொரு பதினோரு மாதம். மகளிடமும் சொன்னேன்.

"அந்தப் பசங்க உங்க பேராவது கேட்டிருக்காங்களாப்பா?"

கேட்கவில்லை என்றேன். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனியில் ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. புதுப் பையன்கள், கூட அப்பா அம்மா, புதுப் பக்கெட். ஜூஸ் கடை ஷட்டர் ஏறியது. எதிர்ப் பால்கனியில் யார் வருவார்கள் என்று தெரியவில்லை. பழையவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்களா என்றும் தெரியவில்லை. அந்த விவரம் உதட்டில் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் கதவு திறந்தது. மதுரைப் பையன் பையோடு வெளியே வந்தான். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தெருவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ரயிலில் தூங்காத முகம்.

உதட்டை அசைத்துவிட்டேன். வேண்டும் என்று செய்யவில்லை. சாப்ட்டியா என்றேன்.

அவனுக்கு எப்படித் தெரியும்? கையைக் காதுக்குப் பின்னால் வைத்தான்.

"என்ன தாத்தா? கேக்கல."

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டியிருக்கலாம். கீழே இரண்டு பைக் நின்று உறுமிக்கொண்டிருந்தன. நான் கத்தினேன். பிரஸ் ஷாப்பில் ஆபத்துக்கு மட்டும் கத்துகிற கத்தல்.

"சாப்ட்டியா?"

பைக்கில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"இல்ல," என்று அவனும் கத்தினான். "மெஸ் தொறந்துட்டாங்களா?"

"தொறந்தாச்சு. சீக்கிரம் போ. தீந்துடும்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

மீதித் துணியைக் காயப்போட்டேன். சட்டை மாற்றினேன். கதவைப் பூட்டி, படி இறங்கி மெஸ்ஸுக்குப் போவதற்குள் அவன் சாப்பிட்டுப் போய்விட்டான். பசியில் வேகமாகச் சாப்பிட்டிருப்பான். பெஞ்சில் இரண்டு பக்கமும் புதுப் பையன்கள். நடுவில் அவன் எழுந்த இடம் மட்டும் காலி. அக்கா அவன் இலையை எடுத்து, மேஜையைத் துடைத்து, அங்கேயே எனக்கு ஒரு இலை போட்டார்.